தப்பித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குத்தான் போனார்கள்

1

இந்த மாதத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. எங்கேயாவது வெளியே போய்ச் சாப்பிடலாமா என்று என் மனைவி சுதா கேட்டாள். ஜெயிலுக்குப் போகலாம் என்றேன். அவள் சேலத்தின் பணக்காரப் பகுதியான ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்தவள்; நான் குமாரபாளையத்துத் தறிக்காரர் மகன். என் பேச்சில் எது கிண்டல், எது நிஜம் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள்.

நான் சொன்னது அல்கட்ராஸை. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே, வளைகுடாவின் நடுவில் நிற்கும் பாறைத் தீவு. வேறு எந்தச் சிறையிலும் அடங்காத ரவுடிகளையும் கொள்ளைக்காரர்களையும் ஒரு காலத்தில் அங்கேதான் கொண்டுபோய் அடைத்தார்கள். சிறையை மூடி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு சனங்கள் சந்தோஷமாக உள்ளே போகிறார்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் படகுத்துறையில் இறக்கிவிட்டுவிட்டு, பார்க்கிங் தேடிச் சுற்றியே என் காலம் போய்விட்டது. நான் மட்டும் தீவில் கால் வைத்ததில்லை.

அந்த வாரம் வீட்டில் இன்னொரு விஷயமும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மகன் கவினுக்குப் பதினைந்து வயது. அவனை வரும் ஜூனில் நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் என் அண்ணனுக்குச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: மார்க் எடுக்க வைப்பதற்கென்றே எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் முளைத்த பள்ளிகள் அவை. எல்லா ஜில்லாவிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே அடைப்பார்கள். படிக்க வைப்பது என்று யாரும் சொல்வதில்லை, ‘நாமக்கல்ல போடறது’ என்றுதான் சொல்வோம். நானும் அப்படிப் போடப்பட்டவன்தான்.

பேச்சை ஆரம்பித்து வைத்ததும் நான்தான். கவின் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். காதில் எதையோ மாட்டிக்கொள்கிறான். சாப்பிட வருகிறாயா என்றால் தோளைக் குலுக்குகிறான். அதற்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று தட்டில் சோறு போட்ட பிறகுதான் தெரியும். ஊரில் இருக்கும் என் அண்ணனைப் பெரியப்பா என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த சொல்லே ‘நீ’ என்பான். ஒருநாள் வெறுத்துப்போய், ரெண்டு வருஷம் நாமக்கல்லில் போட்டு எடுத்தால் சரியாகிவிடுவான் என்று அண்ணனிடம் போனில் சொன்னேன். அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மறு வாரமே பள்ளியில் போய் விசாரித்து, ஒரு இடத்தையும் சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு காகிதப் படலம். அமெரிக்காவில் பிறந்த பையனை நாமக்கல்லில் சேர்க்க பாஸ்போர்ட், வெளிநாட்டு இந்தியர் அட்டை, இங்கத்துப் பள்ளியின் சான்றிதழ், அந்தச் சான்றிதழ் உண்மைதான் என்று மாநில அரசின் முத்திரை, இந்தப் படிப்பும் அந்தப் படிப்பும் ஒன்றுதான் என்று வேறொருவர் தரும் கடிதம். அல்கட்ராஸுக்குள் போவதற்கு ஒரு கொலைகாரனிடம்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அடுக்காக இருந்தன. சுதா தினமும் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை வைப்பாள். ஒருமுறை மட்டும், அவனிடம் கேட்டீர்களா என்றாள். நாமக்கல்லுக்குப் போகிறாயா என்று எந்த அப்பன் கேட்டுவிட்டுப் போட்டிருக்கிறான் என்றேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

2

சனிக்கிழமை காலைப் படகில் போனோம். தீவில் இறங்கியதும் காதில் மாட்ட ஒரு கருவி தருகிறார்கள். அங்கே காவலுக்கு இருந்தவர்களும் கைதிகளாக இருந்தவர்களும் அதில் பேசுகிறார்கள். பல மொழிகளில் கிடைக்கிறது, தமிழ் இல்லை. கவினுக்கு ஏற்கெனவே காதில் மாட்டிப் பழக்கம் என்பதால் சௌகரியமாகிவிட்டது. எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

அறைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு பீங்கான் தொட்டி, சுவரில் மடக்கும் பலகை. குளிக்க வெந்நீர் கொடுத்தார்களாம். எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஹாலுக்கு நாற்பது டிரங்குப் பெட்டி. வெந்நீர் என்றால் ஜுரம் வந்திருக்க வேண்டும். அறைகளுக்கு நடுவிலிருந்த நீளமான வழிக்கு நியூயார்க்கின் பிரபலமான வீதியின் பேரைக் கைதிகள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் சாப்பாட்டு வரிசை நிற்கிற தாழ்வாரத்துக்கு டோல்கேட் என்று வைத்திருந்தோம். பாதிப் பையன்கள் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வேறென்ன பேர் வைப்பார்கள்?

சிகாகோ நகரத்தையே ஆட்டிவைத்த தாதா ஒருவன் இங்கே வந்தபின் கைதிகளின் பேண்டு குழுவில் சேர்ந்து வாத்தியம் வாசித்தானாம். பழைய சிறையில் குருவிகள் வளர்த்துப் பேர் வாங்கிய கொலைகாரன் ஒருவனை இங்கே ஒரு குருவிகூட வைத்துக்கொள்ள விடவில்லையாம். கேட்கக் கேட்க எனக்கு எங்கள் ஆட்கள் ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டார்கள். கருவியைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மூன்று பேர் தப்பித்த அறைகளுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். கரண்டியை வைத்தே சுவரைக் குடைந்திருக்கிறார்கள். தாங்கள் தூங்குவதாகக் காவலாளி நம்ப வேண்டும் என்று சோப்பும் காகிதமும் குழைத்துத் தலை செய்து, முடி ஒட்டிப் படுக்கையில் வைத்திருக்கிறார்கள். மழைக்கோட்டுகளை ஒட்டி மிதவை செய்து கடலில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

“இதென்ன பெருசு,” என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. “நாங்க தலகாணிக்கு லுங்கி கட்டி, மேல போர்வை போத்தி வெச்சிருவோம். வார்டன் வந்து அதைத் தட்டி, எந்திரிச்சுப் படிடான்னுட்டுப் போவாரு.”

கவின் காதிலிருந்ததை ஒரு பக்கம் நகர்த்தினான். வார்டன் என்றால் இங்கே சிறை அதிகாரி. அப்பா எந்தச் சிறையில் இருந்தார் என்று அவனுக்கு ஒரு கணம் குழம்பியிருக்க வேண்டும்.

அப்புறம் நான் நிறுத்தவில்லை. மூன்றாவது வரிசையில் படுக்கிற சரவணனைப் பற்றிச் சொன்னேன். ஹாஸ்டலில் தினமும் முட்டை உண்டு. நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? முட்டை கொண்டுவந்த டெம்போ திரும்பும்போது, காலி அட்டைகளுக்குப் பின்னால் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான். வண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும், குதித்துவிடலாம் என்பது கணக்கு. வண்டி நேராகக் கோழிப் பண்ணைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பண்ணையில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஊர் பேர் விசாரித்து, அடுத்த நடை முட்டையோடு கொண்டுவந்து இறக்கினார்கள். இன்னொருவன் பெரியப்பா செத்துப்போய்விட்டார் என்று சொல்லி லீவு வாங்கிப் போனான். ருசி கண்டு அடுத்த பருவத்திலும் அதே பெரியப்பாவைச் சாகடித்தான். அந்தப் பெரியப்பாவே ஒருநாள் மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டில் வந்து நின்றார்.

கவின் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் இருக்கும். நீங்கள் ஜெயிலில் இருந்ததை ஊட்டிக்குப் போனது மாதிரி சொல்கிறீர்கள் என்றாள் சுதா. உண்மைதான். இருந்தபோது அழுத இடம் அது. இப்போது அந்த ஹாலில் ஒருநாள் படுத்து எழுந்தால் போதும் என்று இருக்கிறது.

3

எங்களில் பெரிய கைதி என்றால் செந்தில்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர் மகன். மற்றவர்கள் ஆத்திரத்தில் ஓடுவார்கள், இவன் யோசித்து ஓடுகிறவன். காம்பவுண்டு சுவரின் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லை ஒரு இடத்தில் மட்டும் கல்லால் தட்டித் தட்டி மொக்கையாக்கினான். வாட்ச்மேன் எப்போது குளிக்கப் போகிறார் என்று கவனித்தான். ஒரு விடியற்காலை சுவரேறி, காட்டு வழியாக நடந்து, லாரிப் பட்டறைகளைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருச்செங்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும்விட்டான். அதுவரை அவ்வளவு சுத்தமாக யாரும் தப்பித்ததில்லை.

பஸ் கிளம்பும்போது பார்த்தால், எங்கள் பிசிக்ஸ் சார் டீக்கடையில் நிற்கிறார். அவர் இவனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தெரிந்த மனுஷனைத் தாண்டிப் போகும்போது சொல்லாமல் போகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. செந்தில் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னான்:

“போயிட்டு வாரேனுங்க சார்.”

சாரும் எங்கள் பக்கத்து ஆள்தானே. டீ கிளாஸோடு கையைத் தூக்கினார்.

“சேரி சாமி, பாத்துப் போ.”

பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆட்டோ பிடித்துத் துரத்தி, அடுத்த நிறுத்தத்தில் ஏறி, இவனைக் கையோடு கூட்டிவந்தார். அந்தக் கதையைச் சார் வகுப்பில் சொன்னபோது எங்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

இதை நான் செந்திலின் முட்டாள்தனம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆபீஸ் கூட்டத்தில் மேலதிகாரி என்னிடம் ஏதோ கேட்க, எல்லோர் முன்னாலும் ‘யெஸ்ஸுங்க’ என்றேன். அன்றைக்குத்தான் எனக்குச் செந்திலைப் புரிந்தது. மரியாதை நாக்கிலேயே ஊறிப்போனால், ஆபத்து நேரத்தில் அதுதான் முதலில் வெளியே வரும். இருபது வருடமாக ரயிலேறி ஆபீஸ் போய், செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளி, பக்கத்து வீட்டாரிடம் வானிலை பேசி, நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன்தான். இன்னமும் கடையை விட்டு வெளியே வரும்போது கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிடுகிறேன். மறுபடி வருவீர்களா, இன்றைக்கேவா என்று ஒருத்தி கேட்டாள்.

4

நீங்கள் தப்பித்தீர்களா என்று கவின் கேட்டான். கைதிகள் உலாவும் முற்றத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தோம். எதிரே நகரம் முழுதாகத் தெரிந்தது. புது வருடத்தன்று கரையில் நடக்கும் விருந்தின் சிரிப்புச் சத்தம் காற்றடித்தால் இங்கே கேட்குமாம். அதுதான் கொடுமை என்று ஒரு பழைய கைதி கருவியில் சொல்கிறார்.

தப்பித்தேன், ஒரே ஒரு தடவை. பிளஸ் டூ அரையாண்டுப் பரீட்சையில் கெமிஸ்ட்ரி கைவிட்டுவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை ஆஞ்சநேயர் கோயிலுக்கு வரிசையாகக் கூட்டிப் போவார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து ஆஞ்சநேயர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் நழுவினேன். திருச்செங்கோட்டில் பஸ் மாறி, மத்தியான வெயிலில் குமாரபாளையத்தில் இறங்கினேன்.

அப்பா தறிப்பட்டறையில் அறுந்த நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த ஒரு தறியை மட்டும் நிறுத்தினார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அம்மா பச்சைப்பயறு கடைந்து சோறு போட்டாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் ஒன்றும் கேட்காததால் பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கை கழுவும்போது அப்பா சொன்னார்:

“சட்டைய மாத்திக்க சாமி. வெயில் தாழப் பொறப்பட்டுரலாம்.”

திரும்பிப் போன பஸ் பயணம்தான் எனக்கு மறக்கவில்லை. அதற்கு முன்னால் அப்பாவோடு தனியாக அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததில்லை. வீட்டிலிருந்தால் அவர் தறியில் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க வந்தால் அம்மாவும் கூட இருப்பாள். பஸ்ஸில் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எந்தத் தறி மக்கர் பண்ணுகிறது, எந்த வியாபாரி நல்ல நூல் கொடுக்கிறான், அண்ணனுக்கு எங்கே பெண் பார்க்கலாம் என்று, வீட்டுப் பெரிய மனுஷனிடம் சொல்வது போல என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் நாமக்கல் போய்ச் சேராமல் இன்னும் கொஞ்சம் ஓடினால் தேவலை என்று இருந்தது. மலைக்கோட்டை தெரிய ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஹாஸ்டல் கேட்டில் என் தோளில் கை வைத்து ஒன்றே ஒன்று சொன்னார்.

“இதை மட்டும் முடிச்சுட்டீன்னா, அப்பறம் உன்னைய யாரும் எங்கயும் கொண்டி உடமாட்டாங்க சாமி.”

முடித்தேன். யாரும் கொண்டுபோய் விடவில்லை, நானேதான் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தேன். அப்பா போய்ப் பல வருடம் ஆயிற்று. அந்தப் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் மகனிடம் எதற்குச் சொன்னேன் என்றால், நாமக்கல் ஒன்றும் பயப்படுகிற இடமில்லை என்று காட்டுவதற்குத்தான். எப்படித் தொடங்குவது என்று பல நாளாகத் தெரியாமல் இருந்தவனுக்கு, தீவு வழி காட்டிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

5

திரும்பும் படகில் மேல் தளத்தில் நின்றோம். குளிர் காற்று. இந்தத் தண்ணீரில்தான் அந்த மூன்று பேரும் இறங்கினார்கள் என்று சுதா எட்டிப் பார்த்தாள். இப்போது ஆட்கள் போட்டி வைத்துத் தீவிலிருந்து கரைக்கு நீந்துகிறார்கள் என்று கவின் ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு, அந்த மூன்று பேரும் பிழைத்திருந்தாலும் வீட்டுப் பக்கம் போகவே முடிந்திருக்காது, போலீஸ் முதலில் வீட்டைத்தான் காவல் காத்திருக்கும் என்றான்.

உங்கள் ஆட்கள் மட்டும் எல்லோரும் வீட்டுக்கே ஓடினார்களா என்று கேட்டான். ஆமாம், வேறெங்கே ஓடுவார்கள் என்றேன். சரவணனும் செந்திலும் நானும், அந்தப் பெரியப்பாவைச் சாகடித்தவனும், எல்லோரும் வீட்டுக்குத்தான் ஓடினோம். திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று தெரிந்தும் அங்கேதான் ஓடினோம். ஒருவேளைச் சோறு தின்றுவிட்டுத் திரும்பினால்கூடப் போதும் என்று இருந்தது.

அப்போது அவன் தமிழுக்கு மாறினான். கடினமான விஷயத்துக்குத் தமிழை எடுக்கிறவன் அல்ல அவன்.

“டேபிள் மேல இருக்கற பேப்பர் எல்லாம் பாத்தேன்ப்பா. நீங்க சொன்னா நான் போறேன். ஆனா அங்க இருந்து நான் தப்பிச்சா, எந்த வீட்டுக்குப் போறது?”

மாட்டேன் என்று அடம் பிடிப்பான், கதவைச் சாத்துவான் என்றெல்லாம் எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். பெரியப்பா வீடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எனக்கு இரண்டு பஸ் தூரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அதனால்தான் அந்தச் சுவரை என்னால் தாங்க முடிந்தது, இன்றைக்குச் சிரித்துக்கொண்டு கதை சொல்லவும் முடிகிறது. இவன் நழுவி வந்தால் பஸ் எங்கே, தறியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க நான் எங்கே? சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு காற்று என்றாள்.

நீ போக வேண்டாம் என்று அவனிடம் படகிலேயே சொல்லிவிட்டேன். சரி என்று தோளைக் குலுக்கினான். ஆனால் காதில் எதையும் மாட்டாமல் கார் வரைக்கும் என்கூடவே நடந்தான்.

6

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். இங்கே சனி சாயங்காலம், அங்கே ஞாயிறு காலை. அப்போதுதான் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கவின் என் பக்கத்தில் நின்றதால் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன்.

“அவன் வரலீங்ணா.”

“ஏன், மாட்டேங்கறானா?”

“போறேன்னுதானுங்ணா சொல்றான். நாந்தான் அனுப்பல.”

அண்ணனுக்குக் கோபம் வந்தது. நீதானே கேட்டாய் என்றார். பள்ளியில் நாலு பேர் காலைப் பிடித்து இடம் சொல்லி வைத்திருக்கிறேன், இனி அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். நம்மூரில் படித்துத்தானே நீ ஆளானாய், இப்போது அந்த ஊர் கசக்கிறதா என்றார். கசக்கவில்லை என்றேன். படகில் பையன் கேட்டதை அப்படியே சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து, அண்ணா என்று கூப்பிட்டேன்.

“இருக்கறன்டா,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நீ அங்க இருந்த ரெண்டு வருஷமும் ஞாயித்துக்கெழமையானா அப்பனும் அம்மாளும் சோத்தைக் கட்டிக்கிட்டு உன்னையப் பாக்கப் பொறப்படுவாங்க. அந்த மரத்தடியில உக்காந்து எல்லாருஞ் சேந்து சோறு உங்கறதை அம்மா வந்து கதை கதையாச் சொல்லும். பட்டறையில ஒருத்தராச்சும் இருக்கோணுமில்ல, என்னைய ஒருநாளுங் கூட்டிட்டுப் போனதில்ல. சேரி, உன்ர பையன் வந்தா நானும் உங்கண்ணியும் அப்படி வாரா வாரம் போலாம்னு இருந்தோம். புள்ளைக ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு, ஊட்டுல வேற யாரு இருக்கா? அவ சோறு கொண்டு போகப் புதுசாத் தூக்குப்போசியே வாங்கி வெச்சுட்டா.”

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எங்கே இருந்தார் என்று நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. கோழிக் குழம்பு ஞாபகம் இருக்கிறது, அம்மா ஊட்டிவிட வந்தபோது பையன்கள் பார்க்கிறார்கள் என்று தலையைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

கவின் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். அவனுக்கு அண்ணன் பேசியதில் பாதிதான் புரிந்திருக்கும்.

“பெரியப்பா, நான் ஸ்கூலுக்கு வரல. லீவுக்கு வரேன். உங்க வீட்டுக்கு.”

அண்ணன் அண்ணியைக் கூப்பிடுவது கேட்டது.

“வா சாமி. எத்தன ஞாயித்துக்கெழம இருப்ப?”

கவின் என்னைப் பார்த்தான். லீவு முழுக்க என்று சொல்லச் சொன்னேன்.